தக்காளிக்கு எந்தக் கழி ஊன்றுவது? சவுக்கு, மூங்கில், இரும்பு: டெல்டா மண்ணுக்கு ஓர் ஒப்பீடு

கார்த்திகை அடைமழை ஓய்ந்து கொல்லையில் கால் வைக்க முடிகிற நாளில்தான் டெல்டாவில் தக்காளி நாற்றைப் பற்றிய யோசனை வரும். மார்கழியிலோ தை முதல் வாரத்திலோ நட்டால் மாசி, பங்குனியில் நன்றாகப் பறிக்கலாம். சித்திரை பிறந்து பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுங்க ஆரம்பித்தால் பூ பிஞ்சாகாமல் உதிரும். அதோடு செடியின் காலம் முடிந்தது. ஆக, ஊன்றுகோல் மண்ணில் நிற்க வேண்டியது வருடத்தில் நாலரை, ஐந்து மாதம்தான். மற்ற மாதங்களில் அதை எங்கே, எப்படி வைக்கிறோம் என்பதும் எந்தக் கழியை வாங்குகிறோம் என்பதைப் போலவே முக்கியம்.

எல்லாத் தக்காளிக்கும் கழி வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம். பெரியகுளத்தில் அன்னஞ்சி நாட்டுத் தக்காளியிலிருந்து சடுதி மாற்றம் மூலம் உருவாக்கிய பி.கே.எம். 1 மாதிரியான ரகங்கள் அதிக உயரம் போகாமல் புதராகவே அடங்கிவிடும். அதற்கு வைக்கோலைத் தடிமனாகப் பரப்பி, இரண்டடி மூங்கில் பிளாச்சு ஒன்றைச் செருகினால் போதும். வீரிய ஒட்டு ரகங்களின் கதை வேறு. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் போன்ற செடி இடுப்புக்கு மேல் வளர்ந்து, ஒரே நேரத்தில் மூன்று நான்கு கிலோ காயைத் தாங்கிக்கொண்டு நிற்கும். தனியார் ஒட்டு ரகங்களில் சில இன்னும் உயரும். நுனி நிற்காமல் கொடி போல ஏறிக்கொண்டே போகிற செர்ரித் தக்காளியை ஆறடிக் கழிகூட அடக்காது.

டெல்டாவில் கழி ஊன்றச் சொல்வதற்கு விளைச்சலைவிடப் பெரிய காரணம் ஈரம். நம் வண்டலும் களியும் நீரை எளிதில் விடாது. அந்த மண்ணில் காய் படுத்துக் கிடந்தால் அடிப்பக்கம் அழுகும். மழைத்துளி மண்ணில் விழுந்து தெறிக்கும்போது இலைக்கருகல் நோயின் பூசண வித்துகள் கீழ் இலைகளில் போய் ஒட்டும். செடியைத் தூக்கி நிறுத்தி, அடியிலிருந்து முக்கால் அடிக்கு இலைகளைக் கிள்ளிவிட்டால் அந்த வழி அடைபடும். காற்றோட்டமும் கிடைக்கும். மருந்து அடிக்காமல் தக்காளி எடுக்க நினைப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, எந்தக் கழி? ஒப்பிடத் தொடங்கும்போது எல்லோரும் கழியின் பலத்தைத்தான் பார்க்கிறார்கள். வளைத்துப் பார்ப்பது, தட்டிப் பார்ப்பது, இரும்பா மரமா என்று விவாதிப்பது. ஆனால் தக்காளிக் கழி நடுவில் முறிவது அபூர்வம். அது தோற்கிற இடங்கள் இரண்டு. ஒன்று, மண்மட்டத்தில் மக்கி அல்லது கரையான் அரித்து விழும். இரண்டு, கழி முழுசாக இருக்க, மண் பிடி விட்டு அப்படியே சாயும். இந்த இரண்டுக்கும் எது தாக்குப்பிடிக்கிறது என்று பார்த்தால் தேர்வு எளிதாகிவிடும்.

மண்மட்டத்தில் மட்டும் ஏன் மக்குகிறது? மரத்தைத் தின்னும் பூசணத்துக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டடி ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. தரைக்கு மேலே காற்று உண்டு, ஈரம் நிற்காது. இரண்டும் சேர்ந்து கிடைப்பது மண்ணுக்கு மேலும் கீழுமாக நாலைந்து விரற்கடை அகலத்தில்தான். பிடுங்கிய பழைய கழியைப் பார்த்தால் அடிமுனை திடமாகவும் அந்த இடம் மட்டும் ஒல்லியாகவும் இருக்கும். கழிக்கு எந்தப் பாதுகாப்புச் செய்தாலும் அந்த ஒரு சாண் நீளத்தை விட்டுவிடக் கூடாது.

சாய்கிற விஷயம் நம் மண்ணுக்கே உரியது. பழைய டெல்டாவில், அதாவது தஞ்சாவூரின் கிழக்கே கும்பகோணம், நீடாமங்கலம், மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கம் உள்ள களிமண், ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மார்கழியில் இறுக்கி ஊன்றிய கழியைச் சுற்றி மாசிக் கடைசியில் விரல் நுழைகிற இடைவெளி விழுந்துவிடும். செடியில் காய்ப்பளு உச்சத்தில் இருக்கும் நேரமும் அதுதான். எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஆபத்து உண்டு. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் பெய்த பருவம் தவறிய மழை, அறுவடைக்கு நின்ற சம்பாவையே படுக்க வைத்தது. அப்படி ஒரு மழை வந்தால் களி குழம்பாகும். குழம்பான மண்ணில் ஒல்லியான கழி கத்தி போல இறங்கிச் சாயும், பருமனான கழி நிற்கும். எவ்வளவு விலை உயர்ந்த பொருள் என்பது அங்கே எடுபடாது. எவ்வளவு பருமன், எவ்வளவு ஆழம் என்பதே பேசும்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு சவுக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் வாக்கு அதற்குத்தான்.

சவுக்கு நம் மண்ணின் மரம் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சினுக்கு எரிபொருள் வேண்டும் என்று சோழமண்டலக் கரையில் பரப்பினார்கள். இன்று கடலூரிலிருந்து வேதாரண்யம் வரை மணற்பாங்கான இடமெல்லாம் சவுக்குத் தோப்பு. பந்தல் போடவும் கட்டட வேலைக்குச் சாரம் கட்டவும் சவுக்குக் கழி வந்துகொண்டே இருப்பதால் எந்த ஊர் மரவாடியிலும் கிடைக்கும். தக்காளிக்கு வேண்டியது அடியில் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் பருமன், ஏழடி நீளம். இந்த அளவுக் கழி பந்தலுக்கு உதவாது என்று ஓரமாக ஒதுக்கி வைத்திருப்பார்கள். முழுக்கழி விலைக்கு அதை வாங்க வேண்டியதில்லை.

சவுக்கின் பெரிய பலம் அது உள்ளே கெட்டியான மரம் என்பது. இரண்டு அங்குலப் பருமன் களிமண்ணில் நன்றாகப் பிடிக்கும். மேற்பரப்பு கொஞ்சம் சொரசொரப்பாக இருப்பதால் கட்டிய நார் வழுக்கிக் கீழே இறங்காது. வெட்டிய உடனே வாங்கினால் பட்டை ஈரமாக இருக்கும். அப்போதே உரித்துவிட வேண்டும். பட்டையோடு ஊன்றினால் அதற்கும் மரத்துக்கும் நடுவே ஈரம் தங்கும், கரையானுக்கு அது மறைவான பாதை. உரித்து நிழலில் இரண்டு மூன்று வாரம் காயவிட்டால் எடையும் குறையும், வெடிப்பும் அதிகம் விழாது.

பலவீனம் என்று பார்த்தால், வெறும் சவுக்கு மண்ணில் நெடுநாள் தாங்காது. ஊன்றிய இடத்திலேயே வருடம் முழுக்க விட்டுவிட்டால் இரண்டாவது மழைக்காலத்துக்குள் மண்மட்டத்தில் கைவிட்டுவிடும். பருவம் முடிந்ததும் பிடுங்கி, மண்ணைத் தட்டி, மாட்டுக்கொட்டகைப் பரணிலோ தாழ்வாரத்திலோ படுக்க வைத்தால் மூன்று நான்கு பருவம் தாராளமாக வரும். அடிமுனையை நெருப்பில் காட்டிக் கருக்குகிற வழக்கம் உண்டு. மேலாகக் கருக்கினால் கரையானைக் கொஞ்சம் தள்ளிப்போடும். ஆழமாகக் கருக்கினால் அந்த இடத்தில் மரம் மெலிந்துபோகும். பழைய எஞ்சின் ஆயில் தடவச் சொல்பவர்கள் நிறைய. கொல்லையில் அதைச் செய்யாதீர்கள். அந்தக் கழிவு எண்ணெயில் உலோகங்கள் இருக்கும், நாம் சாப்பிடப்போகிற செடியின் வேர் அதே மண்ணில்தான் இருக்கிறது.

அதைவிட நல்ல வழி நம் பக்கத்திலேயே உண்டு. பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உடைக்கிற தொழில் பெரியது. அந்த ஓட்டிலிருந்து எடுக்கும் முந்திரி ஓட்டு எண்ணெயைக் கடற்கரையில் மரப்படகுக்குப் பூசுவது பழைய வழக்கம். கழியின் அடியிலிருந்து மூன்றடி உயரம் வரை இரண்டு பூச்சுப் பூசி, வெயிலில் பிசுபிசுப்புப் போகக் காயவிட்டு ஊன்றலாம். கையில் பட்டால் தோல் வெந்து கொப்புளம் போடும்; கையுறை இல்லாமல் தொடவே கூடாது. பூசிய கழியைக் குழந்தைகள் எடுத்து விளையாடாத இடத்தில் காயவைக்க வேண்டும். இவ்வளவு கவனம் எடுக்க முடியாதவர்கள் வெறும் கழியை உரித்துக் காயவைத்து, பருவத்துக்குப் பருவம் பிடுங்கி வைத்தாலே போதும். ஐந்து மாதத்துக்கு அது தாங்கும்.

அடுத்தது மூங்கில். கொள்ளிடக் கரையிலும் காவிரிப் படுகையிலும் சொந்தமாக மூங்கில் கொத்து வைத்திருப்பவர்களுக்கு நான் சவுக்கைப் பரிந்துரைக்க மாட்டேன். கையில் இருப்பதை விட்டுவிட்டு எதற்கு மரவாடிக்குப் போக வேண்டும்? விலைக்கு வாங்குகிறவர்கள் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மூங்கிலில் கல் மூங்கிலுக்கும் பொள்ளையான மூங்கிலுக்கும் நிறைய வித்தியாசம். கல் மூங்கில் அடிப்பக்கம் கிட்டத்தட்ட உள்ளீடு நிறைந்து கெட்டியாக இருக்கும். ஒன்றரை அங்குலப் பருமன் போதும். நம் ஆற்றங்கரைகளில் அதிகம் நிற்கிற முள் மூங்கிலில் உள்ளே பொள்ளை பெரிது. அதில் மெல்லிய கழியை எடுத்தால் மண்மட்டத்தில் ஒரு விரல் தடிமன் சுவர் மக்கியதும் மொத்தமும் மடங்கிவிடும்.

மூங்கிலைக் கெடுப்பது ஈரத்தைவிட உளுப்பூச்சி. கழியில் உள்ள மாவுச்சத்தைத் தேடி வந்து குடைந்து மஞ்சள் தூளாகக் கொட்டும். இளங்கழியில் மாவுச்சத்தோடு ஈரமும் அதிகம், காயும்போது சுருங்கவும் செய்யும். மூன்று வருடம் முதிர்ந்த கழியாகப் பார்த்து வெட்ட வேண்டும். புதுக்குருத்து விடுகிற மழைக்காலத்தில் கொத்தில் கை வைக்கவே கூடாது. வெட்டியதைக் குளத்திலோ வாய்க்கால் மடுவிலோ கல்லை ஏற்றி மூன்று நான்கு வாரம் ஊறப்போட்டால் மாவுச்சத்து கரைந்து வெளியேறும். நாற்றம் அடிக்கும், ஆனால் ஊறிக் காய்ந்த மூங்கிலைப் பூச்சி அவ்வளவாகச் சீண்டாது. பழைய கூரை வேலைக்காரர்கள் எல்லோரும் செய்ததுதான். டெல்டாவில் இதற்குத் தண்ணீர் தேடி அலைய வேண்டியதில்லை என்பது நமக்குக் கூடுதல் வசதி.

மூங்கில் வெட்டுகிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். மேல்முனையைக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள், கணுவின் தடுப்பு மூடியாக இருக்கும். கணுவுக்கு நடுவில் வெட்டினால் அது குவளை மாதிரி மழைத்தண்ணீரைப் பிடித்து வைக்கும். டெங்குக் கொசு முட்டையிட அந்த ஒரு கை நீர் போதும். அடிமுனையைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டினால் பொள்ளைக்குள் சேறு ஏறாது. சுத்தியலால் தலையில் அடித்து இறக்கினால் மூங்கில் பிளக்கும். எந்தக் கழியானாலும் கடப்பாறையால் குழி குத்தி, கழியை இறக்கி, சுற்றிலும் மண்ணைக் குத்தி இறுக்குவதுதான் முறை.

இரும்புக்கு வருவோம். வீடு கட்டி முடித்தவர்கள் மிச்சக் கம்பியைக் கொல்லைக்குக் கொண்டு வருவது வழக்கம். கம்பி கிலோக் கணக்கில் விற்பதால் நீங்களே கணக்குப் போடலாம்: 10 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 617 கிராம், 12 மில்லிமீட்டர் என்றால் 888 கிராம். ஏழடி என்பது சுமார் 2.13 மீட்டர். ஒரு 10 மில்லிமீட்டர் ஊன்றுகோல் 1.3 கிலோவும், 12 மில்லிமீட்டர் 1.9 கிலோவும் எடை வரும். உங்கள் ஊர்க் கடையில் அன்றைய கிலோ விலையால் பெருக்கிப் பார்த்தால், ஒரு கம்பி விலைக்குச் சவுக்குக் கழி எத்தனை வரும் என்பது உடனே புரியும்.

மக்காது, கரையான் தொடாது. அது உண்மை. ஆனால் மேலே சொன்ன இரண்டாவது தோல்வியில் இரும்புக் கம்பிதான் முதலில் மாட்டும். 10 மில்லிமீட்டர் என்பது சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. ஈரக் களியில் காற்று ஒரு பக்கமாகத் தள்ளத் தள்ள, கம்பி மண்ணை அறுத்துக்கொண்டே சாயும். அதைக் கம்பியாகவே பயன்படுத்துவதென்றால் மூன்றடி ஆழம் வேண்டும். அப்போது எட்டடிக் கம்பி வாங்க வேண்டியிருக்கும். பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கத்துச் செம்மண்ணிலும் கெட்டியான மேட்டுத் திடலிலும் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே கம்பி நன்றாகவே நிற்கிறது. ஓர் அங்குல ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், களியில் கம்பியைவிட நன்றாகப் பிடிக்கும். ஆனால் வெட்டிய முனையில் துத்தநாகப் பூச்சு போய்விடுவதால் அங்கிருந்து துரு ஏறும். வேதாரண்யம், தலைஞாயிறு மாதிரி உப்பு ஏறிய மண்ணில் மரம் மக்குகிற அதே மண்மட்டத்தில் இரும்பும் துருப்பிடித்து மெலியும்.

இரும்பு வெயிலில் கொதிக்கும், அதனால் தண்டை ஒட்டிக் கட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விட வேண்டும். கம்பியின் தலையில் ஒரு கொட்டாங்குச்சியையோ பிளாஸ்டிக் பாட்டிலையோ கவிழ்த்து வையுங்கள். களை எடுக்கக் குனிகிறவர் கண்ணில் குத்தும் உயரம் அது. இதை மட்டும் தள்ளிப்போடாமல் அன்றே செய்துவிடுங்கள்.

மின்சார ஒயர் போடுகிற பி.வி.சி. பைப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காய் ஏறியதும் வளையும், வெயிலில் வருடம் கிடந்தால் நொறுங்கும். கல்தூண் பந்தல்காரர்களுக்குத்தான் சரிப்படும். தென்னை மட்டை நீளம் போதாது, அடியில் சீக்கிரம் மக்கும்.

செலவே இல்லாத கழிகளையும் பார்த்துவிடலாம். வாய்க்கால் கரையெல்லாம் நிற்கிற பூவரசு, வேலியோரக் கிளுவை, கல்யாண முருங்கை, எல்லாமே கைக்கெட்டும். பச்சையாக வெட்டி ஊன்றினால் இவை வேர்விட்டுத் துளிர்க்கும். தக்காளிக்கு வைத்த உரத்தையும் நீரையும் பங்கு போட்டுக்கொண்டு, மாசிக்குள் நிழலும் கட்டிவிடும். நன்றாகக் காய்ந்த கொம்பாக இருந்தால் பயன்படுத்துங்கள். சீமைக் கருவேலக் கழி கோணல், முள் சீவ வேண்டும், ஆனால் கெட்டி. நாகப்பட்டினம் பக்கத்தில் விறகுக்கு வெட்டும்போது நேராக இருப்பதைப் பொறுக்கி எடுத்தால் சவுக்குக்கு இணையாக நிற்கும். பழைய ஓட்டு வீடு பிரிக்கிற இடத்தில் பனங்கை கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். வயிரமேறிய பனையைக் கரையான் லேசில் தொடாது, அதை நீளவாக்கில் பிளந்தால் பல வருடத்துக்குக் கழி இருக்கும்.

உயிருள்ள மரத்தையே ஊன்றுகோலாக்குவது டெல்டாவுக்குப் புதிது இல்லை. கும்பகோணம், ராஜகிரி, பண்டாரவாடைப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களில் அகத்தியை நெருக்கமாக விதைத்து அதில்தான் கொடியை ஏற்றுகிறார்கள். அதைப் பார்த்துத் தக்காளிக்கும் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வெற்றிலை நிழலை விரும்புகிற கொடி, வருடக்கணக்கில் நிற்கிறது. தக்காளிக்கு முழு வெயில் வேண்டும், வாழ்வு ஐந்து மாதம். பொருந்தாது. அகத்தியைக் கொல்லையின் வடக்கு ஓரத்தில் வரிசையாக வைத்து வாடைக்காற்றுக்குத் தடுப்பாகவும், கீரைக்காகவும் வைத்துக்கொள்வது நல்லது.

கம்பி வலைக் கூண்டு அழகாக இருக்கும், கட்டுகிற வேலை குறையும். ஒன்றரை அடி விட்டத்தில் கூண்டு செய்ய வலை சுமார் ஐந்தடி நீளம் வேண்டும். கடையில் எளிதில் கிடைக்கிற இரண்டு அங்குலக் கண் வலையை வாங்கினால் உள்ளே கை போகாது, பழம் பறிக்க முடியாது. காங்கிரீட் தளத்துக்குப் போடுகிற ஆறு அங்குலக் கண் வலைதான் வேண்டும். கூண்டு தரையில் உட்கார்ந்திருக்குமே தவிர ஊன்றி நிற்காது. பங்குனிக் காற்றில் காயோடு உருளாமல் இருக்க எப்படியும் பக்கத்தில் ஒரு கழி வேண்டும். இரண்டு செலவு. நாலைந்து செடி மட்டும் வைத்திருந்து, தினம் கட்டிவிட நேரமில்லாதவருக்கு இது சரி. மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

இருபது செடிக்கு மேல் போனால் செடிக்கு ஒரு கழி என்ற கணக்கையே விட்டுவிட வேண்டும். கிருஷ்ணகிரி, தர்மபுரித் தக்காளி வயல்களில் செய்வதுபோல வரிசையாகக் கழி ஊன்றிக் கயிறு இழுப்பது நல்லது. கொல்லைக்கு இதில் எளிதான வடிவம் இரண்டு செடிக்கு ஒரு கழி. ஒன்றரை அடி இடைவெளியில் பத்துச் செடி வரிசைக்கு இரண்டு கோடியையும் சேர்த்து ஆறு கழி போதும். செடி முக்கால் அடி வந்ததும் வரிசையின் இரண்டு பக்கமும் கயிறு ஓட்டி, ஒவ்வொரு கழியிலும் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துக் கட்டினால் செடிகள் இரண்டு கயிற்றுக்கும் நடுவே நிற்கும். ஒவ்வொரு முக்கால் அடிக்கும் இன்னொரு கயிறு. செடியைத் தனித்தனியாகக் கட்டுகிற வேலை இல்லை.

இதில் கோடிக் கழிகள்தான் உயிர். கயிற்றின் இழுப்பு முழுவதும் அவற்றின் மேல் விழும், களிமண்ணில் அவை உள்பக்கமாகச் சாயும். இரண்டு கோடிக்கும் மூன்று அங்குலச் சவுக்கு ஊன்றி, இரண்டரை அடி இறக்கி, வெளிப்பக்கம் ஒரு செங்கலையோ கருங்கல்லையோ ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து அதிலிருந்து கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்ட வேண்டும். நடுக்கழிகள் மெலிந்திருந்தால்கூடப் பரவாயில்லை, அங்கே மூங்கில் அழகாகப் பொருந்தும். வாழை போட்டவர்களிடம் முட்டுக் கொடுத்து முடிந்த கழிகள் கிடைக்கும். திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் படுகைகளில் தார் வெட்டிய பிறகு அவை சும்மாதான் கிடக்கும். அடிப்பக்கம் மக்கியிருந்தால் ஒரு அடி வெட்டிக் கழித்தாலும் தக்காளிக்குப் போதுமான நீளம் மிஞ்சும்.

கட்டுகிற பொருளில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை: வாழைநார். பூக்கட்ட வைத்திருப்பதில் கொஞ்சம் அகலமாகக் கிழித்து, நனைத்து, கழிக்கும் தண்டுக்கும் நடுவில் எட்டுப் போட்டுத் தளர்வாகக் கட்டினால் தண்டு பருக்க இடம் இருக்கும், உராயாது. பருவம் முடிந்தால் செடியோடு எருக்குழிக்குப் போகும். நைலான் கயிறு வரிசைக்கு இழுக்கலாம், தண்டில் கட்டக் கூடாது. காற்றில் ஆடி ஆடி அறுத்துவிடும். பழைய பருத்திச் சேலைக் கிழிசலும் நல்லதே.

கழியைச் செடியின் எந்தப் பக்கம் ஊன்றுவது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. காற்று வருகிற பக்கம் ஊன்ற வேண்டும். அப்போது செடி கழியிலிருந்து விலகித் தொங்கும், மோதாது. எதிர்ப்பக்கம் ஊன்றினால் ஒவ்வொரு வீச்சுக்கும் தண்டு கழியில் இடித்துக் காயப்படும். மார்கழி, தையில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். பங்குனிக்குள் தெற்கும் தென்கிழக்கும் பலமாகிவிடும், கடலோரத்தில் பிற்பகல்தோறும் வீசும். காய்ப்பளு இருக்கிற காலம் பங்குனிதான் என்பதால் நான் கிழக்குத் தென்கிழக்குப் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பேன். இளஞ்செடிக்கு வாடையால் பெரிய தொல்லை வராது. நட்ட அன்றே, தவறினால் இரண்டு வாரத்துக்குள் ஊன்றிவிட வேண்டும். அதன் பிறகு இறக்கும் கழி பரவிய வேரைக் கிழிக்கும்.

புயலைப் பற்றியும் கேட்பார்கள். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா தென்னந்தோப்புகளையே வேரோடு சாய்த்தது. எந்தத் தக்காளிக் கழியும் அதற்கு நிற்காது, அதற்காக அதிகம் செலவு செய்வதும் வீண். பெரும்பாலான புயல்கள் கார்த்திகையோடு ஓய்ந்துவிடுவதால் மார்கழியில் நடுவதே பாதுகாப்பு. 2011-இல் தானே புயல் டிசம்பர் 30 அன்று வந்ததும் நினைவிருக்கட்டும். நாற்றில் கொஞ்சத்தை நடாமல் மிச்சம் வைத்திருப்பது நல்லது.

பழைய கழியில் நோய் வருமா என்பது நியாயமான கேள்வி. வாடல் நோய்ப் பாக்டீரியா மண்ணில் தங்கும், கழியில் ஒட்டிய மண்ணோடும் போகும். செடி திடீரென்று பச்சையாகவே வாடிச் செத்த இடத்துக் கழியை மற்றவற்றோடு சேர்க்காமல் அடுப்புக்குப் போட்டுவிடுங்கள். மற்றவற்றை மண் போகக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசலில் அடிப்பாகத்தை நனைத்து, சித்திரை வெயிலில் காயப்போட்டால் போதும். இந்த ஒரு விஷயத்தில் இரும்பு மரத்தைவிட நல்லது, துடைத்தாலே சுத்தமாகிவிடும்.

இப்போது என் முடிவு. பழைய டெல்டாவின் களிமண் கொல்லையில் பத்துச் செடிக்குள் வைப்பவர், உரித்துக் காய்ந்த இரண்டு அங்குலச் சவுக்கு வாங்கி இரண்டடி ஆழம் இறக்கட்டும். மாசியில் கழியைச் சுற்றி வெடிப்பு விழுந்தால் அதில் ஆற்று மணலை நிரப்பித் தண்ணீர் ஊற்றி, மேலே வைக்கோல் போட்டால் மறுபடி இறுகும். படுகைக்காரர்கள் ஊறப்போட்ட மூங்கிலோடு வாழை முட்டுக் கழிகளையும் சேர்த்து வரிசை முறைக்குப் போகலாம், கோடிக்கு மட்டும் சவுக்கு. கடலோர மணலில் சவுக்கையே இரண்டரை அடிக்கு மேல் இறக்க வேண்டும், மணல் நனைந்திருக்கும்போது பிடிக்கும், காய்ந்தால் விடும் என்பதால் எட்டடிக் கழியாக வாங்குங்கள். செம்மண் மேட்டுக்காரர்களில் ஏற்கெனவே 12 மில்லிமீட்டர் கம்பி வைத்திருப்பவர்கள் அதையே ஊன்றலாம். புதிதாக வாங்குவதானால் அங்கேயும் சவுக்குதான் மலிவு.

வாங்குவது ஐப்பசிக்கு முன்னால் இருக்கட்டும். மழை தொடங்கினால் வெட்டிய கழி மரவாடியில் நனைந்தே கிடக்கும், உரிக்கவும் காயவைக்கவும் வெயில் கிடைக்காது. புரட்டாசியில் வாங்கித் தாழ்வாரத்தில் படுக்க வைத்தால் மார்கழிக்குத் தயாராகிவிடும். கடைக்காரரிடம் ஏழடி என்று நீளத்தை மட்டும் சொல்லாமல், அடிப்பருமன் இரண்டு அங்குலம், நுனியில் ஒரு அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று அளவையும் சொல்லிக் கேளுங்கள்.